கணக்குப் பாடத்துக்கு லீட் டீச்சர் பொறுப்பு: முதலில் எதில் கை வைப்பது?

ஏழாம் வாய்ப்பாடு எழுதியது:

வணக்கம். சி.பி.எஸ்.இ. பள்ளியில் 3ஆம் வகுப்பிலிருந்து 8ஆம் வகுப்பு வரை கணக்குப் பாடத்துக்கு என்னை லீட் டீச்சராகப் போட்டிருக்கிறார்கள். வகுப்புக்கு 4 செக்‌ஷன், மொத்தம் 24. என்னோடு சேர்த்து 8 கணக்கு ஆசிரியர்கள், ஆளுக்கு 3 செக்‌ஷன். ஒரு செக்‌ஷனுக்கு வாரம் 7 பீரியட், எல்லோருக்கும் 21. எனக்கும் அதே 21தான், குறைக்கவில்லை. வாரத்துக்கு 40 பீரியட், ஒரு பீரியட் 40 நிமிடம்.

பிரின்சிபால் வாய்மொழியாகச் சொன்னது: வாராவாரம் எல்லோருடைய லெசன் பிளானையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், நோட்டுத் திருத்தம் பார்க்க வேண்டும், வகுப்புக்குள் போய் உட்கார்ந்து 30 அம்சப் படிவத்தில் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும், கேள்வித்தாள் தயாரிக்க வேண்டும், ஆண்டு முடிவில் சராசரி மதிப்பெண் கூட வேண்டும்.

ஏழு பேரில் இருவர் என்னைவிட 15 வருடம் மூத்தவர்கள். ஒருவர் பி.எட். முடித்து இப்போதுதான் வந்திருக்கிறார். எதை முதலில் எடுப்பது, எதைத் தள்ளிப்போடலாம்? வகுப்பைப் பார்க்கும் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.


சாக்பீஸ் டப்பா எழுதியது:

வாழ்த்துகள். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் நேரத்தைப் பேசி முடியுங்கள். நேரம் ஒதுக்காமல் கொடுத்த பொறுப்பு மூன்றே மாதத்தில் கையெழுத்துப் போடும் வேலையாகச் சுருங்கிவிடும்.

பிரின்சிபாலிடம் கணக்காகவே காட்டுங்கள். ஏழு பேர் வகுப்பையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 20 நிமிடம் பார்ப்பதென்றால் வாரத்துக்கு 3 அல்லது 4 வகுப்பு. பார்த்த பிறகு அவர்களோடு 15 நிமிடம் பேச்சு. இரண்டும் ஒரே பீரியடில் அமைவது அரிது, ஆனாலும் அரை அரையாகக் கூட்டினால் 4 பீரியட் ஆகிறது. 3-5 வகுப்பு ஆசிரியர்களோடு ஒரு கூட்டம், 6-8 ஆசிரியர்களோடு ஒரு கூட்டம், ஆக 2. நோட்டு பார்க்க 1. மொத்தம் 7 பீரியட். உங்கள் பள்ளியில் ஒரு செக்‌ஷனின் கணக்கு நேரமும் சரியாக அதே 7. அதனால் ஒரு செக்‌ஷனைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கை. ஆனால் அந்தச் செக்‌ஷனை இன்னொருவர் தலையில் கட்டி அவருக்கு 28 ஆக்கினால் ஆரம்பமே மனக்கசப்பாகிவிடும். 9, 10ஆம் வகுப்பு எடுப்பவர்களில் யாருக்காவது இடம் இருக்கிறதா, பகுதிநேர ஆசிரியர் கிடைப்பாரா என்று பாருங்கள். எதுவும் நடக்காவிட்டால் வகுப்பாசிரியர் பொறுப்பு, பஸ் டியூட்டி, சப்ஸ்டிட்யூஷன் மூன்றிலிருந்தும் விலக்கு கேளுங்கள்.

சப்ஸ்டிட்யூஷன் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இந்த வேலையை முதலில் தின்பது அதுதான். டைம்டேபிளில் கட்டம் வெறுமையாக இருந்தால், காலை எட்டரை மணிக்கு லீவு போட்டவர்களின் வகுப்பைப் பிரித்துக் கொடுப்பவர் உங்களை ‘ஃப்ரீ’ என்றுதான் எடுத்துக்கொள்வார். அந்த 7 கட்டத்திலும் ‘கணக்கு லீட்’ என்று அச்சிலேயே வரவேண்டும். கூட்டத்துக்கான பொதுப் பீரியடும் அப்படித்தான். டைம்டேபிள் மென்பொருளில் அதையும் ஒரு பாடம் போல, நான்கு ஆசிரியருக்கும் பொதுவாக உள்ளிட்டால் தானே இடம் தேடிக் கொடுத்துவிடும். டைம்டேபிள் ஒட்டிய பிறகு கேட்டால் பத்துப் பேருடைய பீரியட் கலையும், யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது, பொறுப்பை ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள். நீங்களே முடிவெடுப்பவை (போர்ஷன் வரிசை, கேள்வித்தாளின் இறுதி வடிவம், எந்தப் பயிற்சி எல்லாச் செக்‌ஷனுக்கும் பொது), பிரின்சிபாலோடு கலந்து முடிவெடுப்பவை (யாருக்கு எந்தச் செக்‌ஷன்), உங்களுக்குச் சம்பந்தமே இல்லாதவை (லீவு, இன்கிரிமென்ட், பெற்றோர் புகார் விசாரணை). மூன்றாவதுதான் மிக முக்கியம். அந்தப் பக்கத்தை ஸ்டாஃப் மீட்டிங்கில் பிரின்சிபாலே வாசிக்க வேண்டும். நீங்கள் வாசித்தால், நீங்களே எடுத்துக்கொண்ட அதிகாரம் போல் ஆகிவிடும்.

இனி வகுப்பைப் பார்ப்பது. முந்தின நாளே சொல்லிவிடுங்கள், எந்த வகுப்பு, எத்தனை மணிக்கு என்று. திடீரென்று போவதால் ‘உண்மை’ தெரியும் என்பது தப்புக்கணக்கு. பயந்த ஆசிரியரைத்தான் பார்ப்பீர்கள். போவதற்கு முன் ஐந்து நிமிடம் கேளுங்கள்: ‘இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? நான் எதைக் கவனிக்கட்டும்?’ அவர் சொன்னதைத்தான் கவனிக்கப் போகிறீர்கள்.

கடைசி பெஞ்சில் உட்காராதீர்கள். அங்கிருந்து முதுகுகள்தான் தெரியும். ஜன்னல் ஓரமாக, மூன்றாம் நான்காம் வரிசைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தால் ஆறேழு நோட்டுகளாவது கண்ணில் படும். தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் நேரத்தோடு ஆசிரியர் சொன்னதும் செய்ததும், வலப்பக்கம் அதே நேரத்தில் பிள்ளைகள் செய்தது. ‘நன்றாக விளக்கினார்’ என்று எழுதாதீர்கள். ‘10.12: பலகையில் 3/4 வரைந்தார். 10.14: யாருக்குப் புரிந்தது என்று கேட்டார், 35 பேரில் 30 பேர் கை தூக்கினார்கள். 10.16: நோட்டில் நான் பார்த்த 6 பேரில் 2 பேர் சரி’ என்று எழுதினால், பிறகு நீங்கள் வாதம் செய்யவே தேவையில்லை. அந்த மூன்று வரியை அவரே படித்துக்கொள்வார்.

வகுப்பின் நடுவில் எழுந்து திருத்துவது கூடவே கூடாது. பலகையில் தப்பு விழுந்தாலும் சரி, வாய் திறக்காதீர்கள். வெளியே வந்ததும் சொல்லுங்கள், மறுநாள் அவரே வகுப்பில் சரிசெய்யட்டும். ஒருமுறை பிள்ளைகள் முன்னால் திருத்திவிட்டால் அந்த வகுப்பின் கதவு அந்த வருடத்துக்கு உங்களுக்கு மூடியதுதான்.

பேச்சு அன்றைக்கே, தள்ளிப்போனால் மறுநாளுக்குள். 15 நிமிடம் போதும். முடிவில் ஒரே ஒரு மாற்றம், அவர் வாயால் வரவேண்டும், அடுத்த வகுப்பிலேயே செய்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். ‘பங்கேற்பைக் கூட்டுங்கள்’ என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. ‘கேள்வி கேட்டதும் யாரையும் கூப்பிடாமல் மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள், பிறகு பெயர் சொல்லுங்கள்’ என்பது நாளைக்கே செய்யக்கூடியது. பத்துப் பதினைந்து நாள் கழித்துத் திரும்பப் போகும்போது அந்த ஒன்றை மட்டும் பாருங்கள். புதிதாக வந்தவரை முதல் ஆறு வாரம் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். அவருக்கு இரண்டு வாரம் என்பது மிக நீண்ட இடைவெளி.


நாலுகோடு நோட்டு எழுதியது:

நேரத்தைப் பற்றி மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் நோட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒரு லீட் டீச்சருக்கு வகுப்பில் உட்கார்வதைவிட அதிகம் சொல்லிக் கொடுப்பது நோட்டுதான் என்பது என் அபிப்பிராயம்.

எல்லா நோட்டையும் வாங்காதீர்கள். ஒரு செக்‌ஷனுக்கு 35 நோட்டு, ஒரு வகுப்புக்கு 140. பார்த்துக் கையெழுத்துப் போட்டே மாலையாகிவிடும், ஒன்றும் தெரியாது. செக்‌ஷனுக்கு 5 போதும், ஆனால் எந்த ஐந்து என்பதை நீங்கள் சொல்ல வேண்டும். ‘நாளை 4, 11, 18, 25, 32 எண் நோட்டு’ என்று வரிசை எண்ணில் கேளுங்கள், மாதாமாதம் எண்ணை மாற்றுங்கள். ‘ஐந்து நோட்டு அனுப்புங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் அட்டை போட்ட, அழகான கையெழுத்துள்ள ஐந்துதான் வரும். அது யார் குற்றமும் இல்லை.

கூட்டத்தில் நான்கு செக்‌ஷனின் 20 நோட்டையும் மேசையில் விரித்து, எல்லாவற்றிலும் ஒரே பயிற்சியின் பக்கத்தைத் திறந்து வையுங்கள். முதலில் ஒன்றைப் பாருங்கள்: இருபதிலும் வரிக்கு வரி ஒரே விடை, ஒரே அடித்தல்கூட ஒரே இடத்தில் இருக்கிறதா? அப்படியானால் அது பலகையைப் பார்த்து எழுதியது. பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதற்கு அந்தப் பக்கம் சாட்சி ஆகாது. ரஃப் நோட்டைக் கேளுங்கள், அல்லது கூட்டத்துக்கு முந்தின நாள் எல்லாச் செக்‌ஷனிலும் ஒரே 4 கணக்கை அரைத்தாளில் போடச் சொல்லி அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.

பிறகு தப்புகளைப் பிரியுங்கள். தப்பு என்று ஒரே பெயர் வைத்துவிட்டால் எதையும் சரிசெய்ய முடியாது. 4003 − 1876 என்பதை எடுத்துக்கொள்வோம், விடை 2127. 3873 என்று எழுதிய பிள்ளை, மேலோ கீழோ எது பெரிதோ அதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. கடன் வாங்குவது என்ற எண்ணமே இன்னும் வரவில்லை. 2237 என்று எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். நடுவில் உள்ள பூஜ்யங்கள் 10 ஆகி, அடுத்த இடத்துக்குக் கொடுத்த பின் 9 ஆவதுதான் தெரியவில்லை. முதல் பிள்ளைக்குக் குச்சிக் கட்டும் நூறு-பத்து-ஒன்று அட்டையும் வேண்டும், இரண்டாவது பிள்ளைக்கு 4003ஐ 3 ஆயிரம், 9 நூறு, 9 பத்து, 13 ஒன்று என்று பிரித்து எழுதும் ஒரு நாள் பயிற்சி போதும். இரண்டு பேருக்கும் சிவப்பு மையில் ஒரே மாதிரி பெருக்கல் குறி போட்டு ‘மீண்டும் எழுது’ என்றால் இருவரும் அதே தப்பைப் பத்து முறை எழுதிப் பழகுவார்கள்.

ஒவ்வொரு வகுப்புக்கும் இப்படி எதிர்பார்க்க வேண்டிய தப்புகள் உண்டு. 8 + 4 = □ + 5 என்றால் கட்டத்துக்குள் 12 எழுதுவது, சில பேர் 17 எழுதுவது. சமக்குறி என்றால் ‘விடை இங்கே எழுது’ என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 3ஆம் வகுப்பில் கவனிக்காமல் விட்டால் சமன்பாடு வரும்போது அது வந்து நிற்கும். 1/3 + 1/4 = 2/7 என்று எழுதும் பிள்ளையிடம் விதியைச் சொல்லாமல் ‘2/7 பெரிதா, 1/3 பெரிதா?’ என்று படம் போட வைத்தால், கூட்டினது குறைந்துபோனது அதற்கே தெரியும். 0.5ஐவிட 0.35 பெரிது என்பது இன்னொன்று, 35 என்பது 5ஐவிடப் பெரிதல்லவா என்ற கணக்கு.

இந்தப் பட்டியலை நீங்கள் தனியாக எழுதாதீர்கள். கூட்டத்தில் எல்லோருமாக ஓர் ஏட்டில் எழுதிவாருங்கள்: பாடம், தப்பு, பிள்ளை என்ன நினைத்தது, எது செய்தபோது சரியானது. அடுத்த வருடம் பாடம் திட்டமிடும்போது முதலில் எடுக்கும் ஏடு அதுவாக இருக்கும்.

லெசன் பிளான் கையெழுத்தையும் இதோடு சேர்த்துவிடலாம். தினசரிப் பிளானை எட்டுப் பேரும் பக்கம் பக்கமாக நகலெடுப்பதற்குப் பதில், ஒரு பாடத்துக்கு ஒரு பக்கம் போதும் என்று பிரின்சிபாலிடம் அனுமதி வாங்குங்கள். அதில் மூன்று மட்டும்: பாடம் முடிந்ததும் எல்லாப் பிள்ளையும் தானே போட வேண்டிய 3 கணக்கு, எதிர்பார்க்கும் 2 தப்பு, தொடங்கப் போகும் எடுத்துக்காட்டு. படித்துக் கையெழுத்துப் போட 3 நிமிடம் ஆகும். இப்போது போடும் கையெழுத்துகள் படிக்காமல் போடுபவை என்று எல்லோருக்கும் தெரியும்.


ஆலமரத்தடி எழுதியது:

அரசு நடுநிலைப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு மாறுபட்ட கருத்து.

லீட் டீச்சர் முதலில் மற்றவர் வகுப்புக்குப் போகக்கூடாது. முதல் மாதம் தன் வகுப்பின் கதவைத் திறந்து வைக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு பீரியடைக் குறித்து, என்ன பாடம் என்று ஸ்டாஃப் ரூம் பலகையில் எழுதுங்கள், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். வந்தவர் கையில் அதே இரண்டு பத்தித் தாளைக் கொடுத்து உங்கள் வகுப்பைப் பார்த்துக் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள். ஆகஸ்ட் மாதம் நீங்கள் அவர் வகுப்புக்குப் போகும்போது அந்தத் தாள் அவருக்குப் பழக்கமான தாளாக இருக்கும், படிவமாகத் தெரியாது. புதிதாக வந்தவரை மட்டும் காத்திருக்க வைக்காதீர்கள், அவருக்கு ஜூனிலிருந்தே துணை வேண்டும்.

இன்னொன்று சராசரி. சராசரி மதிப்பெண்ணைக் குறியாக வைத்தால் ஆசிரியர்கள் நடுவில் இருக்கும் பிள்ளைகளைத்தான் பிடிப்பார்கள், ஏனென்றால் சீக்கிரம் ஏறுவது அவர்கள் மதிப்பெண்தான். அடியில் இருக்கும் பிள்ளை அப்படியே இருக்கும். தமிழ்நாட்டில் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் 1-3 வகுப்புகளுக்கு வந்தபோது, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையில் பிரித்துக் கையாளும் முறை வந்தது. தனியார் பள்ளியிலும் அந்த எண்ணத்தை எடுத்துக்கொள்ளலாம். 6ஆம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கணக்கில் 3ஆம் வகுப்பு நிலையில் இருக்கலாம், தேர்வுத் தாள் அதைக் காட்டவே காட்டாது. 12 மதிப்பெண் என்று மட்டும்தான் சொல்லும்.

அதற்கு ஒரு வழி: ஒவ்வொரு செக்‌ஷனிலும் மிகக் குறைவாக வாங்கும் 8 பேரைத் தனித்தனியே கூப்பிட்டு நான்கு படியில் கேளுங்கள். இரண்டு இலக்க எண்ணை வாசிப்பது, கடன் வாங்கும் இரண்டு இலக்கக் கழித்தல், மூன்று இலக்கத்தை ஓரிலக்கத்தால் வகுப்பது, பிறகு ஒரு வாய்மொழிக் கணக்கு. முதல் மூன்றும் அசர் (ASER) என்ற கற்றல் நிலைக் கள ஆய்வில் கிராமம் கிராமமாகப் பயன்படுத்தும் படிகள்தான். ஒரு பிள்ளைக்கு 4 நிமிடம், 8 பேருக்கு ஒரு பீரியடுக்குள் முடிந்துவிடும். எந்தப் படியில் நின்றது என்பதைப் பெயருக்கு நேரே குறியுங்கள். ஜூலையில் ஒருமுறை, நவம்பரில் ஒருமுறை, பிப்ரவரியில் ஒருமுறை. 24 செக்‌ஷனுக்கு 192 பிள்ளைகள். அந்த 192 பேரில் எத்தனை பேர் ஒரு படியாவது ஏறினார்கள் என்பதை பிரின்சிபால் முன் வையுங்கள். ஒரு பள்ளியில் கணக்கு நடக்கிறதா இல்லையா என்று கேட்டால் இதைவிட நேர்மையான பதில் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பிள்ளைகளை மாலையில் நிறுத்தி வைத்து அதே பாடத்தை மறுபடி நடத்துவது பயன் தராது. நிற்கும் படியிலிருந்துதான் தொடங்க வேண்டும். வாரத்துக்கு மூன்று முறை 20 நிமிடம், குழுவில் 6 பேருக்கு மேல் வேண்டாம்.


ஏழாம் வாய்ப்பாடு எழுதியது:

மிக்க நன்றி. 7 பீரியட் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு போகிறேன். இரண்டு சந்தேகம். 30 அம்சப் படிவம் நிர்வாகத்தின் உத்தரவு, விட முடியாது. அப்போது வாரா வாரம் போகும் பார்வைக்கும் அதற்கும் என்ன உறவு? இன்னொன்று, மூத்த மிஸ் ஒருவர் ‘என் வகுப்புக்கு யாரும் வரத் தேவையில்லை’ என்று இப்போதே சொல்லிவிட்டார். பிரின்சிபாலிடம் சொல்வதா?


சாக்பீஸ் டப்பா எழுதியது:

ஆலமரத்தடி சார் சொன்ன வரிசைதான் சரி, முதலில் உங்கள் கதவு. என் பதிலில் அது விட்டுப்போயிற்று.

படிவத்தை வருடத்துக்கு இரண்டு முறை, தேதி முன்கூட்டியே அறிவித்து, பிரின்சிபாலும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து நிரப்புங்கள். மதிப்பெண் போடுவது அவர் கை, நீங்கள் உடன் இருப்பவர். வாராந்தரக் குறிப்பு உங்கள் சொந்த நோட்டில் இருக்கும், அதன் நகல் அந்த ஆசிரியருக்கு மட்டும் போகும், ஆபீசுக்குப் போகாது. இதைப் பிரின்சிபாலிடம் முதலிலேயே ஒப்புக்கொள்ள வைத்து, எழுதி வாங்கும் அந்த ஒரு பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். சம்பள உயர்வுக்குப் போகும் தாளும், பாடத்தைச் சரிசெய்ய எழுதும் தாளும் ஒன்றாக இருந்தால் எந்த ஆசிரியரும் தனக்கு வராத பாடத்தை உங்கள் முன் நடத்த மாட்டார். நன்றாக வரும் பாடத்தையே ஒவ்வொரு முறையும் ஒத்திகை பார்த்து நடத்திக் காட்டுவார், நீங்களும் 4 மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பிள்ளைகளை அடிப்பது, கேவலப்படுத்திப் பேசுவது கண்ணில் பட்டால் அது உங்கள் நோட்டுக்குள் தங்கக்கூடாது, அன்றே பிரின்சிபாலுக்குப் போக வேண்டும். இதையும் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

மூத்த மிஸ்ஸைப் பற்றி: இப்போது பிரின்சிபாலிடம் போகாதீர்கள். 15 வருட வகுப்பை நேற்று வந்த பொறுப்பு எடைபோடும் என்று அவர் நினைப்பது இயல்பு. அவரிடம் நிஜமாகவே வலுவான இடம் எது என்று நோட்டிலும் பழைய விடைத்தாளிலும் தேடுங்கள். உதாரணத்துக்கு, அவர் செக்‌ஷனில் வகுத்தல் நன்றாக வந்திருந்தால், ‘மிஸ், நீங்க வகுத்தலை எப்படி ஆரம்பிக்கிறீங்கன்னு பார்க்கணும், புது மிஸ்ஸும் வரட்டுமா?’ என்று கேளுங்கள். முகத்துதிக்காகக் கேட்டால் உடனே தெரிந்துவிடும், அதனால் ஆதாரம் கையில் இருக்க வேண்டும். அதற்கும் மறுத்தால் முதல் பருவம் முழுக்க அவரோடு நோட்டும் கேள்வித்தாளும் மட்டும் வைத்து வேலை செய்யுங்கள், அதற்கு வகுப்புக்குள் போகத் தேவையில்லை. ஆனால் இரண்டாம் பருவத்திலும் அவருக்கு மட்டும் விலக்கு என்று ஆகக்கூடாது. மற்ற ஆறு பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். அந்தக் கட்டத்தில் பேச வேண்டியவர் பிரின்சிபால், நீங்கள் அல்ல.


விடைக்குறிப்பு எழுதியது:

கேள்வித்தாளைப் பற்றி யாரும் எழுதவில்லை. 40 மதிப்பெண், 90 நிமிடத் தாள் என்று வைத்துச் சொல்கிறேன்.

எல்லாத் தாளையும் நீங்களே எடுக்காதீர்கள். ஒரு வகுப்பின் இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் எடுக்கட்டும், அடுத்த தேர்வுக்கு மற்றவர். அச்சுக்குப் போவதற்கு 7 நாள் முன்னால் தாளும் விடைக்குறிப்பும் சேர்ந்து உங்களிடம் வரவேண்டும். விடைக்குறிப்பு பிறகு வரும் என்றால் தாளை வாங்காதீர்கள். அதை எழுதும்போதுதான் பாதித் தப்பு வெளியே வரும். நீங்கள் கடிகாரம் வைத்து, பிள்ளை எழுதுவது போல எல்லாப் படியும் எழுதிப் போட்டுப் பாருங்கள். 30 நிமிடத்தில் முடிந்தால் பிள்ளைக்கு 90 நிமிடம் போதும். 40 நிமிடம் ஆனால் இரண்டு கேள்வியை எடுத்துவிடுங்கள்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்: 3, 4, 8 செ.மீ. பக்கமுள்ள முக்கோணத்தின் சுற்றளவு கேட்பது. அப்படி ஒரு முக்கோணமே அமையாது, இரண்டு பக்கத்தின் கூடுதல் மூன்றாவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அளவுகோலால் அளக்கச் சொல்லும் கோட்டுத்துண்டு, அச்சில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வு இருந்தால் சுருங்கிவிடும், 5 செ.மீ. 4.8 ஆகும். அச்சான முதல் பிரதியை அளந்து பார்த்த பிறகுதான் மற்றதை ஓட்ட வேண்டும். ‘அல்லது’ கேள்வி இரண்டும் ஒரே பாடத்திலிருந்து, ஒரே அளவு படிகளோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எளியதைக் கண்டுபிடித்தவருக்கு 3 மதிப்பெண் இனாம்.

திருத்துவதில் செக்‌ஷன் செக்‌ஷனாகப் பிரிக்காதீர்கள். 1 முதல் 12ஆம் கேள்வி வரை 140 தாளுக்கும் ஒருவர், மீதி மற்றவர். தொடங்கும் முன் ஐந்து தாளை இருவரும் தனித்தனியே பென்சிலில் திருத்தி ஒப்பிடுங்கள். வழிமுறை சரி, கடைசிக் கூட்டல் தப்பு என்றால் 3க்கு 2½ஆ 2ஆ என்பது அங்கேயே முடிவாக வேண்டும். ‘பக்கத்து செக்‌ஷனில் இதற்கே 2 போட்டிருக்காங்க’ என்று பெற்றோர் வந்து நிற்பது பெரும்பாலும் இந்த அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தியதால்தான்.

பிறகு செக்‌ஷனுக்கு 10 தாள் எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் முழு மதிப்பெண், பாதி, பூஜ்யம், எழுதவே இல்லை என்று நான்கு பத்தியில் எண்ணுங்கள். பூஜ்யத்தையும் எழுதாததையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். தப்பாக எழுதியவருக்கு ஏதோ ஒரு வழி தெரிந்திருக்கிறது, அந்த வழிதான் கோணல். எழுதாதவர் நேரம் போதாமல் விட்டாரா, கேள்வியே புரியாமல் விட்டாரா என்று கூப்பிட்டுக் கேட்டால்தான் தெரியும். நான்கு செக்‌ஷனிலும் ஒரே கேள்வி விழுந்திருந்தால் கேள்வியையோ பாடத்தையோ பாருங்கள். ஒரே செக்‌ஷனில் மட்டும் விழுந்திருந்தால் அந்த வாரம் அங்கே என்ன நடந்தது என்று கேளுங்கள், பாதி நேரம் விளையாட்டு விழாவுக்கோ மழை விடுமுறைக்கோ போன பீரியடாக இருக்கும்.


பத்தாம் பக்கம் எழுதியது:

சின்னச் சின்னதாக மூன்று.

என்.சி.இ.ஆர்.டி. கணக்குப் புத்தகங்கள் 3, 6ஆம் வகுப்புகளுக்கு 2024இலும், 4, 5, 7, 8க்கு 2025இலும் புதிதாக வந்தவை. பழைய லெசன் பிளானைத் தேதி மட்டும் மாற்றி எடுத்துவந்தால் பொருந்தாது. பழைய 6ஆம் வகுப்பில் இருந்த தசமம், இயற்கணிதம் இரண்டும் புதிய 6இல் தனிப் பாடமாக இல்லை, 7இல் வருகின்றன. 7ஆம் வகுப்பு ஆசிரியர் ‘இது போன வருடமே படித்ததுதான்’ என்று வேகமாக ஓட்டிவிடும் ஆபத்து இங்கேதான். முதல் கூட்டத்திலேயே 3 முதல் 8 வரை ஆறு புத்தகங்களின் பொருளடக்கத்தையும் ஒரே சார்ட்டில் பக்கம் பக்கமாக ஒட்டி, பின்னம் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று கோடு இழுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் ஆகும்.

ஆசிரியருக்கு வருடம் 50 மணி நேரப் பயிற்சி என்று சி.பி.எஸ்.இ. கேட்கிறதல்லவா, அதில் பள்ளிக்குள்ளே நடப்பதற்கும் இடம் உண்டு. உங்கள் கூட்டம் 40 நிமிடம், 30 வாரம் நடந்தால் 20 மணி நேரம். வருகைப் பதிவு, அன்று எடுத்த தலைப்பு, முடிவு மூன்றையும் தேதியோடு எழுதி வைத்தால் கணக்கில் காட்டலாம். சனிக்கிழமை வரவழைத்து நடத்தும் பொதுப் பேச்சுகளைக் குறைக்கவும் அதுவே காரணமாகும், ஆசிரியர்கள் உங்கள் பக்கம் நிற்பார்கள்.

கடைசியாக, தனியார் பள்ளியில் நடு வருடத்தில் ஆசிரியர் விலகுவது சாதாரணம். எல்லாச் செக்‌ஷனுக்கும் ஓர் ஒப்படைப்புத் தாள் இருக்கட்டும்: எந்தப் பக்கம் வரை முடிந்தது, எந்தப் பயிற்சி பாக்கி, நான்கு படியில் கீழே நிற்கும் எட்டுப் பேரின் பெயரும் படியும், கண் அல்லது காது பிரச்சினையால் முன்வரிசை வேண்டிய பிள்ளைகள். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை புதுப்பித்து உங்கள் ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். விலகும் ஆசிரியரிடம் கடைசி நாளில் கேட்டால் நோ டியூ கையெழுத்து வாங்கும் அவசரத்தில் ‘போர்ஷன் முடிந்தது’ என்று ஒரு வரிதான் கிடைக்கும்.


ஏழாம் வாய்ப்பாடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமை பிரின்சிபாலைப் பார்க்கிறேன். 7 பீரியட் கணக்கு, ஒரு பக்கப் பொறுப்பு, படிவம் வருடத்துக்கு இரண்டு முறை, இந்த மூன்றை மட்டும் பேசப்போகிறேன். வரிசை எண் நோட்டை ஜூலை முதல் வாரம் 6ஆம் வகுப்பில் தொடங்குகிறேன், மற்ற வகுப்புகளுக்குப் பிறகு. விடைக்குறிப்பு சாரிடம் ஒன்று கேட்க வேண்டும்: 3, 4, 5ஆம் வகுப்புகளுக்கும் அதே மூன்று மடங்கு நேரம் போதுமா?


விடைக்குறிப்பு எழுதியது:

போதாது. 3ஆம் வகுப்புக்கு ஐந்து மடங்கு வையுங்கள், 5ஆம் வகுப்புக்கு நான்கு. கணக்குப் போடும் நேரத்தைவிடக் கேள்வியை வாசிக்கும் நேரம் அங்கே அதிகம். வாக்கியக் கணக்கு என்றால் ஒரு வாக்கியத்துக்கு ஒரு தகவல் மட்டும் வருமாறு எழுதுங்கள்.